பென்சில் புள்ளி

மழைக்கு ஒதுங்க வந்தவன் என்று நினைத்துத்தான் கதவிலேயே மறித்தாள்.

"ஹலோ, இது உயிரியல் பூங்கா பாம்பு அறை. நிழற்குடை எதிர்ல இருக்கு."

"தெரியும் மேடம். முட்டைப் பெட்டியில சூடு நிலைக்கலைன்னு போன் போட்டீங்களே? வழக்கமா வர்றவருக்குக் காய்ச்சல்..."

கோழிப் பண்ணைகளில் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டிகளைப் பழுது பார்ப்பவனாம். நனைந்த இமைகளோடு சிரித்தான். பாழாய்ப்போன கண்கள்... கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துத் தொலைத்தாள்!

பெட்டிக்குள் மலைப்பாம்பு முட்டைகள். வயதான தாய், இனி முட்டையிடாது. சுருண்டு அணைத்துக் கிடந்த அதனிடமிருந்து பெட்டியில் பத்திரமாகப் பொரியட்டும் என்று அவள்தான் பிடுங்கி வந்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்து அடுக்கியிருந்தாள். குஞ்சு பொரித்தால்தான் அந்தப் பாவம் தீரும் என்று அவளுக்கு நினைப்பு.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கீங்க?"

"பொண்ணு பார்க்க வர்றாங்க."

"அப்ப மாப்பிள்ளை நான்தானா?"

"வாய் ரொம்ப நீளம்... வேலையப் பாருங்க."

பெட்டி அன்றே சரியாகிவிட்டது. ஆனாலும் மறுநாள் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பாளா என்ன!

ஒருநாள் மேலாளர் கூப்பிட்டாரென்று போய்விட்டு வந்தாள். முட்டைகளில் புள்ளிகளைக் காணோம்.

"புள்ளி எங்கே?"

"அடியில! நீங்க மறந்துட்டீங்க போல, நானே திருப்பி வச்சிட்டேன்." என்ன பெருமை அவனுக்கு!

கோழி முட்டையில் அடையாளம் வைப்பது திருப்புவதற்கு. இங்கே திருப்பாமல் இருப்பதற்கு. பாம்பு முட்டை புரண்டால் உள்ளே ஒட்டியிருக்கும் குஞ்சு மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

"வெளிய போங்க! இனி இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்காதீங்க!"

போய்விட்டான். முட்டைகள் ஒவ்வொன்றாய்ச் சப்பிப்போய்ப் பூஞ்சை பிடித்தன. 'புள்ளி எதற்கென்று அன்றைக்கே அவன் கேட்டானே... ஒழுங்காய்ப் பதில் சொல்லியிருக்கக் கூடாதா நான்?' போனைக் கையில் எடுப்பாள், வைப்பாள். ரோஷம் விட்டால்தானே!

கடைசி முட்டையையும் தூக்கிப் போட்ட அன்று மறுபடி மழை. வாசலில் அவன்.

"ஒண்ணாவது...?"

இல்லையென்று தலையசைத்தாள்.

"உங்களப் பார்க்கத்தான் மேடம் தினம் வந்தேன். உங்க வேலையில ஒரு கை கொடுக்கலாம்னு... கொன்னுட்டேன்."

"நீங்க கேட்டீங்க. நான்தான் கிண்டலடிச்சேன்." கதவைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் உங்கள ரொம்பப் பிடிச்சிருந்தது."

அவன் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் அந்த 'இருந்தது' உறைத்தது.

"இப்ப?"

"இப்பவும்தான்... அதுதான் வயித்தெரிச்சல்! அதோ, அது முன்னாடி நின்னு உங்களோட சிரிக்க என்னால முடியாது. போயிடுங்க."

கண்ணாடிக்குப் பின்னால் தாய்ப்பாம்பு இன்னமும் வெறுந்தரையைச் சுற்றிச் சுருண்டு கிடந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் மழையில் இறங்கினான். கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதாள்.