செல்போனா, டேட்டா கார்டா?

2009, ஜூன் 16. காலை 9.40. உத்திரமேரூர் கடைத்தெரு.

கௌஸ் செல்போன் கடைக்குள் நுழைந்ததுமே வேதாசலம், செல்போனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிளை மேசைமேல் வீசினார். மாகறலில் நிலமும் பம்புசெட்டும் உள்ளவர். பின்னால் மகள் இளவரசி. அழுது முகம் வீங்கியிருந்தது.

"இன்னா நெட்டு குடுத்தீங்க? நேத்து அஞ்சு மணியோட கெடு முடிஞ்சிபோச்சி. எம்பொண்ணு அப்ளிகேஷன் போவல!"

சென்னையில் நர்சிங் படிப்பு. ஆன்லைனில் மட்டுமே விண்ணப்பம். ஒரு வருஷம் பாழ்.

கௌஸின் மகள் மாஹிராதான் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் கம்ப்யூட்டரில் செருகும் டேட்டா கார்டைக் கையில் எடுத்த இதே மனிதர், கடைசி நிமிஷத்தில் செல்போன் கேபிளுக்கு மாறியது அவள் நினைவில் இருந்தது. கடைக்கு வந்த பழியைவிட அந்தப் பெண்ணின் முகம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நெட் எப்பெப்போ கட்டாச்சு?"

"மூணு தபா, அக்கா. மூணு பத்து, மூணு அம்பது, நாலரை. சர்ட்டிபிகேட்லாம் ஏற முக்கா மணி நேரம் ஆவுது. நடுவுல கட்டானா மறுபடியும் மொதல்லேருந்து."

"ரூம்ல யாரு இருந்தா?"

"நான் மட்டும்தான். நைனா கழனில இருந்தாரு."

"செல்லைக் குடு."

9.52. தவறிய அழைப்புகளின் பட்டியல். 3.10, 3.50, 4.30. மூன்றும் ஒரே எண்.

"அது நைனா நம்பர்க்கா. செல்லை சைலண்ட்ல போட்டிருந்தேன், பாக்கல. மிஸ்டு கால் வந்தா சோறு எடுத்துக்கினு போவணும். எங்க வூட்டு வழக்கம்."

"நேத்து சோறு எப்போ கொண்டு போன?"

"பன்னெண்டுக்கே..." இளவரசி நிறுத்திவிட்டாள்.

மாஹிரா வேதாசலத்தை நேராகப் பார்த்தாள். "போன வாரம் நான்தான் சொன்னேன். டேட்டா கார்டுன்னா தனி லைன், செல்போன்ல போட்டா கால் வந்ததும் நெட் நின்னுடும்னு. அதைக் கேட்டப்புறம்தான் கார்டைக் கீழ வச்சீங்க. நெட்டைக் கட் பண்ணது நீங்கதான்யா."

வேதாசலம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா போனப்புறம் வூட்ல உன் சத்தம் ஒண்ணுதான் கீது."

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னுருப்பேனே, நைனா."

"நின்னுருப்ப. ஆயுசுக்கும் என்னைத்தான் குத்தம் சொல்லுவ. சிக்னலு மேல பழி போவட்டும்னு பாத்தேன்."

மாஹிராவால் அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

இளவரசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேசையில் கிடந்த கேபிளை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"அந்த டேட்டா கார்டை எடுங்கக்கா. அடுத்த வருஷத்துக்கு."