ஃபெர்மின் மாமா வெள்ளையடித்த சுவர்

அத்தை போட்ட அலறலில்தான் யரேலியின் தூக்கம் கலைந்தது.

"ஐயோ! என் சுவரைக் காணோம்!"

சுவர் எங்கே போகும்? செருப்பைக்கூட மாட்டாமல் யரேலி தெருவுக்கு ஓடினாள். ஒஃபேலியா ரொட்டிக் கடையின் பக்கச் சுவர் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சொரைதா அத்தை நேற்று முழுக்க, ஆளை உயரே தூக்கும் தூக்கி வண்டியில் ஏறி நின்று போட்ட கிறுக்கல்கள் ஒன்றுகூட இல்லை.

சுவரோவியம் வரையும் அத்தைக்கு அந்தக் கிறுக்கல்கள்தான் வழிகாட்டி. முதலில் சுவர் முழுக்கச் சுழியும் வட்டமுமாகக் கிறுக்குவாள். அதைப் படம்பிடித்து, கைப்பேசியில் தன் தேன்சிட்டு ஓவியத்தை அதன்மேல் பொருத்திப் பார்ப்பாள். தேன்சிட்டின் அலகு எந்தச் சுழியில் தொடங்குகிறது, வால் எந்த வட்டத்தில் முடிகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் மாடி உயரச் சுவரானாலும் கை பிசகாது.

அது சாதாரணத் தேன்சிட்டும் இல்லை. ஒவ்வொரு சிறகிலும் தெருக்காரர் ஒருவர் இருப்பார். மாவு பிசையும் ஒஃபேலியா, கல்யாண வீடுகளில் எக்காளம் ஊதும் பக்கத்து வீட்டுக்காரர், ஐஸ் வண்டி தள்ளும் ஃபெர்மின் மாமா என்று, மெக்சிகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வந்து இந்தத் தெருவை உண்டாக்கியவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தாலே யரேலிக்குப் பெருமை பொங்கும்.

"அடுத்த ஞாயிறு திருவிழா. ஒரு நாள் வீணாப் போனாலும் முடிக்க முடியாதுடி" என்று அத்தை தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

அப்போது டிங் டிங் என்று மணி கேட்டது. ஃபெர்மின் மாமா ஐஸ் வண்டியோடு வந்தார். சட்டை, மீசை எல்லாம் வெள்ளைப் புள்ளி.

"பாத்தியா சொரைதா? ராத்திரி எவனோ உன் சுவத்துல கன்னாபின்னான்னு கிறுக்கிட்டுப் போயிட்டான். விடுவேனா? நீ எழுந்திருக்கறதுக்குள்ள வெள்ளையடிச்சுட்டேன்!"

ஒஃபேலியா கடையிலிருந்து கத்தினாள். "அட மனுஷா! கிறுக்கினதே அவதான்யா!"

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் மூஞ்சிய அந்தச் சிறகுல போடாதம்மா. எனக்கு அந்த யோக்கியதை இல்ல" என்று வண்டியைத் திருப்பினார். மணியை அடிக்காமலேயே போனார்.

யரேலி அத்தை பக்கம் திரும்பினாள். மாமா இல்லாத சிறகா? அவர் மணி அடிக்காத தெருவா?

"அத்தை, கிறுக்கல் எப்படி இருக்கணும்?"

"எப்படி வேணா இருக்கலாம். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அதான் கஷ்டம். நான் போட்டா எல்லாம் சுழியாவே வருது."

"அப்ப ஏன் நீங்களே போடறீங்க? தெருவே போடட்டும்! ஆளுக்கு ஆள் கை வேற வேறதானே?"

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து யரேலியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

கொஞ்ச நேரத்தில் தெருவே திரண்டது. ஒஃபேலியா ஒரு ரொட்டி வரைந்தாள். எக்காளக்காரர் தன் அம்மா பெயரை எழுதினார். போன வருடம் இதே சுவரில் பெயர் கிறுக்கி வசமாக மாட்டிக்கொண்ட நாண்டோ, "நிஜமாவே கிறுக்கலாமா? திட்ட மாட்டீங்களே?" என்று பலமுறை கேட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொட்டான்.

யரேலி பூங்காவுக்கு ஓடினாள். மாமா மரத்தடியில் வண்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, மேல ஒரு மூலை காலியா இருக்கு. வாங்க."

"நான் கெடுத்தது போதாதா பாப்பா?"

"நீங்க யாரு சுவர்னு நினைச்சு வெள்ளையடிச்சீங்க?"

"யாரு சுவரா? நம்ம சுவருதான்!"

"அப்ப நம்ம சுவர்ல நீங்க கிறுக்காம வேற யாரு கிறுக்குவா?"

மாமா எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தூக்கி வண்டியில் அத்தையோடு ஏறி, தன் ஊர் ஏரியையும் அதில் ஒரு மீன்பிடிப் படகையும் வரைந்தார்.

"இவ்வளவு சுத்தமா எனக்கு யாரும் வெள்ளையடிச்சுக் குடுத்ததில்ல மாமா. எல்லாம் எவ்வளவு பளிச்சுனு தெரியுது பாருங்க!" என்றாள் அத்தை. மதியத்துக்குள் சுவர் நிறைந்துவிட்டது. அத்தை அதைப் படம்பிடித்து, கிறுக்கல்களின் மேலேயே தேன்சிட்டைத் தீட்டத் தொடங்கினாள்.

திருவிழாவன்று ஊரே அண்ணாந்து பார்த்தது. அத்தனை பெரிய, அத்தனை அழகான தேன்சிட்டை யரேலி கண்டதேயில்லை. தெருக்காரர்கள் மட்டும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டி, "இதுக்கு அடியிலதான் என்னோடது இருக்கு" என்று சொல்லிக்கொண்டார்கள். தன் முகம் இருந்த சிறகைப் பார்த்து மாமா மணியை அடித்த அடியில், மேளக்காரர்களே வாசிப்பை நிறுத்திவிட்டார்கள்.

மறுவாரம் காலையில் யரேலி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. வெளியே ஃபெர்மின் மாமா. ஒரு கையில் வெள்ளைப் பெயின்ட் வாளி, இன்னொரு கையில் ஐஸ்.

"பாப்பா, மூலைக்கடைச் சுவத்துல ஏதோ கிறுக்கியிருக்கு. இந்தா, ஐஸ் சாப்பிட்டுக்கிட்டே வந்து பாரு. அடிக்கலாமா, வேண்டாமா?"