பச்சைத் தோலின் நிறம்

கண் பரிசோதிக்க வந்த அக்கா புத்தகத்தை விரித்தபோது வசந்த்துக்குக் கொஞ்சமும் பயமில்லை. பக்கத்தில் ஒரு வட்டம். வட்டம் முழுக்கப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஓர் எண்.

"இருபத்தொண்ணு," என்றான்.

வரிசையில் நின்ற ஐந்தாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. மற்ற எல்லோருக்கும் அது எழுபத்து நான்கு. அக்கா பக்கத்தைத் திருப்பினார். அடுத்ததில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிரிப்பு நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

அக்கா ஜன்னலுக்கு வெளியே வேப்பிலையைக் காட்டினார். பச்சை என்றான். தன்னுடைய பழுப்புத் தோல்பையைக் காட்டினார். அதுவும் பச்சை என்றான்.

வசந்தின் அப்பா பச்சையப்பனுக்கு ஆம்பூர் தோல் மண்டியில் வேலை. உரித்து, உப்புப் போட்டு, இன்னும் பதனிடாத தோலுக்குப் பச்சைத் தோல் என்று பெயர். அதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. காய்ச்சாத பாலைப் பச்சைப் பால் என்கிறோமே, அதுபோல. இது வசந்த்துக்குத் தெரியாது. அப்பா தோலைக் காட்டிப் பச்சை என்றார். அம்மா கீரையைக் காட்டிப் பச்சை என்றாள். அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. தோலைப் பார்த்து அவன் பச்சை என்றபோதெல்லாம், தொழில் தெரிந்த பிள்ளை என்று மண்டியில் தட்டிக் கொடுத்தார்கள்.

அப்பா அவனை வேலூருக்குக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். இந்த நிறக்குறை பிறவியிலேயே வந்தது, மருந்து கிடையாது, ஆனால் இதற்குமேல் அதிகமாகவும் ஆகாது என்றார் டாக்டரம்மா. வசந்த் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ரயில் ஓட்டலாமா, டாக்டர்?"

அவர் டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தார்.

"முடியாதுப்பா. அந்த வேலைக்கும் இந்த டெஸ்ட் உண்டு."

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. சிக்னலில் எந்த விளக்கு மேலே, எந்த விளக்கு கீழே என்பது தனக்கு மனப்பாடம் என்று வாதாடினான். இருட்டில், தூரத்தில், ஒரு விளக்கு மட்டும்தான் தெரியும். மேலா கீழா என்று தெரியாது என்றார் அவர். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே ஒரு ரயில் ஓடியது. வசந்த் கண்ணை மூடிக்கொண்டான்.

பள்ளியில் அவன் பெயரே இருபத்தொண்ணு ஆகிவிட்டது. அவனுடைய தோஸ்த் நவீத்கூட ஒருமுறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டான். ஓவிய வகுப்பில் வசந்த் தலையை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டான்.

அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புக்குப் பரிசோதனை. தண்ணீர் குடிக்கப் போன வசந்த், தூணுக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் அழுவதைப் பார்த்தான். முஜாஹித். பக்கத்துத் தெருப் பையன்.

"நான் இருபத்தொண்ணுன்னேன். சிரிக்கிறாங்கண்ணா. கண்ணு போய்ட்ச்சாம் எனக்கு."

வசந்த்துக்கு அப்படியே நழுவிவிடலாம் போலிருந்தது. இரண்டடி நடந்தும் விட்டான். பிறகு திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கும் இருபத்தொண்ணுதான்டா."

முஜாஹித் மூக்கைத் துடைத்தான். "அப்ப எழுபத்து நாலு எங்க கீது?"

"தெரில. நானும் தேடினேன். கெடைக்கல."

"சரியாப் போய்டுமாண்ணா?"

டாக்டரம்மாவின் முகம் வசந்த்துக்கு நினைவு வந்தது.

"ஆவாது. ஆனா ஜாஸ்தியும் ஆவாது."

முஜாஹித் மறுபடி உதட்டைப் பிதுக்கினான். வண்ணம் தீட்டும்போதும் சிரிப்பார்களே என்றான். வசந்த் யோசித்தான். மண்டியில் ஒருவர் தோல் இன்னொருவர் தோலோடு கலந்துவிடாமல் இருக்க, ஓரத்தில் கத்தியால் வெட்டு அடையாளம் போடுவார் அப்பா. நிறத்தை யாரும் பார்ப்பதில்லை, வெட்டைத்தான் பார்ப்பார்கள்.

அவன் நவீத்தைக் கூப்பிட்டுத் தன் கிரேயான் பெட்டியைக் கொட்டினான். எது எந்த நிறம் என்று நவீத் சொல்லச் சொல்ல, வசந்த் நகத்தால் கீறினான். பச்சைக்கு ஒரு வெட்டு. பழுப்புக்கு இரண்டு. சிவப்புக்கு மூன்று போடத் தொடங்கினான்.

முஜாஹித் ஒரு வெட்டுள்ளதை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"இது எந்தப் பச்சைண்ணா? எலப் பச்சையா, தோல் பச்சையா?"

நவீத் சிரித்தான். அந்த வாரத்தில் முதல்முறையாக வசந்த்தும் சிரித்தான்.

ஸ்டேஷன் பக்கம் ரயில் கூவியது. வசந்த் நிமிரவில்லை. சிவப்புக்கு இன்னும் ஒரு வெட்டு பாக்கி இருந்தது.