பேடாவில் படிந்த பச்சை

2006 அக்டோபர், வெள்ளிக்கிழமை. காலை 9.40. போசரி.

அச்சக முதலாளி சுந்தரமூர்த்தி பெட்டிக் கட்டைப் பிரித்து, ஒரு பெட்டி மூடியை வெளிச்சத்தில் பிடித்தார். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தீபாவளிக்கான இனிப்புப் பெட்டி. மூடிப் படத்தில் பால் நிறத்தில் இருக்க வேண்டிய பேடாக்கள் பச்சை பூத்துக் கிடந்தன. கேசரி நிறப் பின்னணி எலுமிச்சை மஞ்சளாகிவிட்டது. மிட்டாய்க் கடைக்காரர் போனில் மராத்தியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பேட்யாலா புர்ஷீ லாக்லீ காய்?" பேடாவுக்குப் பூஞ்சை பிடித்துவிட்டதா என்று அர்த்தம். திங்களுக்குள் நல்ல பெட்டி வராவிட்டால் வேறு அச்சகத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இதே படத்தைப் புதன் மாலை டிசைனர் சுப்ரஜாவின் கணினியில் பார்த்து, "அச்சுக்குக் கொடும்மா" என்றவர் சுந்தரமூர்த்திதான். அப்போது பேடா பேடாவாகத்தான் இருந்தது. அன்று இரவே அச்சாகிப் பெட்டிகள் கடைக்குப் போய்விட்டன.

10.30. கிரிஜா ஔந்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அச்சகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

"உங்க டிரைவர் போட்ட பொறவுதானுங்க மேடம் இந்தக் கூத்து" என்று வரவேற்றார் சுந்தரமூர்த்தி. கோயமுத்தூர்க்காரர். கோபத்திலும் மரியாதை குறையாது.

திருட்டு மென்பொருள் ரெய்டுக்குப் பயந்து இலவச லினக்ஸுக்கு மாறியவர் அவர். ஆனால் அதிலிருந்த பொது டிரைவர் மென்பொருள் திரையில் படத்தைக் காட்டும், அவ்வளவுதான். நிறத்தைக் கூட்டிக் குறைக்க அதற்குத் தெரியாது. இரண்டு வாரம் முன்பு கிரிஜா கிராபிக்ஸ் கார்டுக்கே உரிய டிரைவரைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே வரிக் கட்டளையில் தனித்தனியே திருத்தலாம் என்று டிசைனர்கள் இருவருக்கும் காட்டினாள். சுப்ரஜா கைதட்டாத குறை. முகுந்த் மட்டும், "கரண்ட் போனா இந்த செட்டிங் நிக்குமா?" என்று கேட்டான். நிற்காது என்றாள் கிரிஜா.

முகுந்த் ஐந்து வருடமாக இங்கே இருக்கிறான். தீபாவளிப் பெட்டி என்றால் அவன் வேலை. இந்த வருடம் அது சுப்ரஜாவுக்குப் போனது. அவள் சேர்ந்து ஐந்து மாதம்கூட முடியவில்லை. நல்ல கண் அவளுக்கு. முறுக்கு மாதிரியான சக்லிக்கு அவள் செய்த முதல் டப்பாவை முதலாளி வீட்டுக்கே எடுத்துப் போனார். அவர் மனைவி பட்டு அதை ஷோகேஸில் வைத்துவிட்டாள். வயிறு எரிய இவ்வளவு போதும்.

கிரிஜா முதலில் அச்சு இயந்திரம் ஓட்டும் விச்சுவைக் கேட்டாள்.

"மை மாறிச்சா?"

"அதே மை, அதே மெஷின்தான் மேடம். அடுத்து சிவ்டா மிக்சர் கவர் ஓடுச்சு, ஏகதம் சரியா வந்திருக்கு பாருங்க."

வந்திருந்தது. விச்சுவைப் போகச் சொன்னாள்.

சுப்ரஜாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"புதன்கிழமைதான் மேடம் போட்டோவே வந்துது. பேடா கொஞ்சம் ரோஸா தெரிஞ்சுது. பால் நிறம் வர்ற வரைக்கும் பச்சையை ஏத்தினேன்."

"மானிட்டர் மேல சந்தேகம் வரலையா?"

"திரையில பேப்பரோட வெள்ளை சுத்தமா வெள்ளையாத்தான் இருந்துது. ஆனாலும் மனசு ஒப்பலை. திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து முகுந்த் சாருக்கு மெயில் பண்ணேன். அவர் பதில் வந்தப்புறம்தான் சாரைக் கூப்பிட்டேன்."

"நான் பாத்தது அஞ்சரைக்குங்க" என்றார் சுந்தரமூர்த்தி. "பைலு அஞ்சு மணிக்கே சேவ் ஆகியிருக்குது. பொறவு தொட்ட தடயமே இல்லை. இன்னைக்குத் தொறந்தா பச்சை!"

முகுந்த் உதட்டைச் சுழித்தான்.

"பைல் தானா நிறம் மாறுமா மேடம்? சார் பார்த்துட்டுப் போனப்புறம் எதையோ நோண்டிட்டு, தேதியைப் பின்னாடி தள்ளியிருப்பா. ரெண்டு நிமிஷ வேலை."

சுந்தரமூர்த்தி சுப்ரஜாவின் முகத்தைப் பார்க்காமலே, "திங்கக்கெழமையிலிருந்து வர வேண்டாம்மா" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் கிரிஜா. "முகுந்த், புதன்கிழமை நீங்க எங்கே?"

"காலைல நான்தான் ஷட்டரைத் திறந்தேன். எல்லாரும் வர்றதுக்கு முன்னாடியே விஷ்ராந்த்வாடி கஸ்டமர் ஆபீசுக்குக் கிளம்பிட்டேன். நாள் பூரா அங்கேதான்."

"மெயிலை அங்கேதான் பார்த்தீங்களா?"

"ஆமா. கச்சிதமா இருந்துது. பேடா பால் நிறம், பின்னாடி கேசரி. நல்லா இருக்குன்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் இவ கெடுத்ததுக்கு நான் என்ன பண்ண?"

கிரிஜா தலையாட்டினாள். பிறகு சம்பந்தமே இல்லாமல், "நேத்து குருவாரம் இல்லே?" என்றாள்.

போசரியில் வியாழன் என்றால் மின்சாரம் கிடையாது, வாரவிடுமுறை. மற்ற நாட்களில் கணினிகளை யாரும் அணைப்பதில்லை. வியாழனன்று எல்லாம் அணையும். பொறாமை மட்டும் அன்றும் லீவு எடுக்காது.

கிரிஜா சுப்ரஜாவின் கணினியில் அந்தப் பச்சைப் படத்தைத் திறந்து வைத்து, ஒரு வரியைத் தட்டினாள். எண்ணை மாற்றி மறுபடி தட்டினாள். பூஞ்சை மறைந்தது. பேடாக்கள் பால் நிறத்தில் உட்கார்ந்திருந்தன.

"இதேதானுங்க! நான் பாத்தது இதேதான்!" சுந்தரமூர்த்தி எழுந்தே விட்டார்.

"பைலை நான் தொடலை சார். கார்டுகிட்ட பச்சையைக் கொஞ்சம் அமுக்கிக் காட்டுன்னு சொன்னேன். புதன்கிழமையும் இப்படித்தான் யாரோ சொல்லியிருக்காங்க. சுத்த வெள்ளையும் கறுப்பும் இதுல மாறாது, நடுவுல இருக்கற நிறம்தான் மாறும். அதான் இந்தப் பொண்ணு ஏமாந்துபோய், தன் கையாலேயே பச்சையை ஏத்திட்டா. குருவாரம் மெஷினை அணைச்சதும் அந்த செட்டிங் போயிடுச்சு. பைல்ல ஏத்தின பச்சை மட்டும் நின்னுபோச்சு."

"அதை வேணும்னா அவளே செஞ்சிருக்கலாமே" என்றான் முகுந்த்.

"உங்க மெயிலைத் திறங்க."

அவன் கை சுட்டி வரை போய் நின்றது. கிரிஜாவே திறந்தாள். புதன் மாலை சுப்ரஜா அனுப்பிய படம் அவன் திரையில் விரிந்தது. பேடாவெல்லாம் பூஞ்சை.

"பச்சைக் கண்ணாடி மாட்டிக்கிட்டு லெட்டர் எழுதினா லெட்டர் பச்சையாகுமா? அந்த மாதிரிதான். கார்டு பண்ற மாற்றம் திரையில மட்டும்தான் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தா அந்தப் படத்துல வராது. இந்த மெயிலை எங்கே திறந்தாலும் பச்சைதான் தெரியும். நீங்க பார்த்ததும் பச்சைதான். பார்த்துட்டு ஒரே வார்த்தை பதில் போட்டிருக்கீங்க. 'பிரமாதம்'."

"அந்த ஆபீஸ் மானிட்டர்..."

"அதுவும் சொல்லி வச்ச மாதிரி பச்சையைக் குறைச்சுக் காட்டிச்சா? வாங்க, போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

முகுந்த் எழுந்திருக்கவில்லை.

"கரண்ட் போனா செட்டிங் நிக்குமான்னு அன்னைக்குக் கேட்டீங்களே. நல்ல கேள்வின்னு நினைச்சேன்" என்றாள் கிரிஜா.

"அஞ்சு வருஷம் சார்!" முகுந்த் சுந்தரமூர்த்தி பக்கம் திரும்பினான். "எத்தனை தீபாவளிப் பெட்டி போட்டிருக்கேன். ஒண்ணையாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்களா? இவளோட சக்லி டப்பா ஷோகேஸ்ல உட்கார்ந்திருக்கு. அதைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கலை."

தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிரிக்குச் சகுனத்தடை செய்த கதைதான். அச்சகம் மூழ்கினால் அவன் சோறும்தான் போகும். சுந்தரமூர்த்தி வாசலைக் காட்டினார்.

சுப்ரஜா அதற்குள் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். திங்களுக்குள் பெட்டி வர வேண்டுமே.

"எவ்வளவு வச்சீங்க?" என்று முகுந்தைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"பச்சை... பாயிண்ட் ஏழு."

ஏற்றிய பச்சையை அந்த எண்ணை வைத்து இறக்கத் தொடங்கினாள். அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் நாற்காலியைத் தாண்டும்போது அவள் கை நின்றது.

"முகுந்த் சார், நான் சேர்ந்ததுலேர்ந்து நீங்க ஒரு தடவைகூட நல்லா இருக்குன்னு சொன்னதில்லை. புதன்கிழமைதான் 'பிரமாதம்'னு எழுதினீங்க. அதைப் படிச்சப்புறம் நான் படத்தைத் திரும்பச் சரிபார்க்கவே இல்லை. ராத்திரி ஊருக்கு போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். கண் பட்டுடும், சுத்திப் போட்டுக்கோடின்னாங்க. நான் சிரிச்சேன்."