சரசு மேல் விழுந்த வெளிச்சம்

மூக்கின் நிழல் வாசல் பக்கம் விழுந்திருந்தது.

வெளிச்சம் வருவதே வாசலிலிருந்துதான். ஸ்ரீராம்புரத்தின் அந்த ஒற்றை அறை வீட்டுக்கு வேறு திறப்பு கிடையாது. அப்படியென்றால் நிழல் உள்சுவர்ப் பக்கம் அல்லவா விழ வேண்டும். போட்டோக்காரன் சின்னப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்த்துக் கட்டி உட்கார வைத்திருந்த சரசுவின் முகத்தை மறுபடி பார்த்தான். வாய் பிளந்துவிடாமல் இருக்க மோவாயைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி, உச்சந்தலையில் முடிச்சு, முடிச்சின் இரண்டு நுனிகளும் காதுகள் போல நீட்டிக்கொண்டு. ஊதுபத்திப் புகை, வாடத் தொடங்கிய சாமந்தி, குளிப்பாட்டிய மஞ்சள் தண்ணீரின் ஈரம்.

சரசு கார்ப்பரேஷனில் தெரு பெருக்கியவள். உயிரோடு இருந்தவரை ஒரு படம் எடுத்துக்கொண்டதில்லை. சுவரில் மாட்ட ஒன்று வேண்டும் என்று மகள் விஜி அவனுடைய போட்டோக் கடைக்கு ஆள் அனுப்பியிருந்தாள். ஃப்ளாஷ் அடித்தால் செத்த தோல் சுண்ணாம்பு பூசினாற்போல வரும். அதனால்தான் வாசலோரம் உட்கார வைத்திருந்தான். நிழல் அடர்ந்துவிடாமல் இருக்க, சுவர்ப் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு ரத்தினம்மாளை நிறுத்தியிருந்தான்.

"வேட்டிய எறக்குங்கக்கா."

"எறக்கிட்டேன்டா. கை கடுக்குது. விட்டா என்னையும் அவ பக்கத்துல உக்கார வச்சு மாலை போட்ருவ போல."

வேட்டி தரையில் கிடந்தது. நிழல் நகரவில்லை. வெளிச்சம் சுவரிலிருந்து வந்துகொண்டிருந்தது. வெறும் சுவர்.

விஜி கிட்டே வந்தாள். "எங்கம்மா உங்க கடைக்கு நாலஞ்சு வாட்டி வந்துச்சாமேண்ணா. வெளிச்சம் இல்ல, இன்னொரு நாள் வான்னு சொல்வீங்களாம். படம் நல்லா வரணும்னுதான் அந்தத் தம்பி அப்படிச் சொல்லுதுன்னு எங்ககிட்ட பெருமையா சொல்லும்." மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்கு வெளிச்சம் இருக்குதாண்ணா?"

அவனுக்குக் காது மடல் எரிந்தது. வெளிச்சம் எல்லா நாளும் இருந்தது. காக்கிக் கோட்டோடும் குப்பை வாடையோடும் அவள் கடையின் சிவப்பு வெல்வெட் ஸ்டூலில் உட்கார்வதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இத்தனைக்கும் அவனைப் பெற்றவளும் அதே குப்பை வண்டியைத் தள்ளித்தான் அவனுக்கு முதல் கேமரா வாங்கிக் கொடுத்தாள்.

"இருக்கும்மா" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கேமரா பட்டனை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். ஓரம் கரைந்த, மெத்தென்ற நிழல். அந்த வெளிச்சம் அவனுக்குத் தெரியும். அது, வெயிலை மென்மையாக்கப் பட்டர் பேப்பர் ஒட்டிய தன் கடை ஜன்னலின் வெளிச்சம்.

கடைக்குத் திரும்பும்போது பொழுது இறங்கிவிட்டது. கரண்ட் போய்த் தெருவே கறுத்துக் கிடந்தது. ஷட்டரைத் தூக்கினான். ப்ளீச்சிங் பவுடர் வாடை, குப்பை அள்ளிய இடத்தில் தூவுவார்களே, அது.

உள்ளே ஜன்னலில் பகல் இருந்தது.

வெளிச்சம் ஸ்டூல் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டூல் காலி. வெல்வெட் மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது.

எதிர்ச்சுவரில் நிழல். உட்கார்ந்த தோள்கள். தலை. உச்சியில் முடிச்சு. இரண்டு நுனி.

நிழல் மோவாயைக் கொஞ்சம் தூக்கியது. படம் எடுக்க வருகிறவர்களிடம் அவன் சொல்வானே, அதேபோல. சொல்லாமலே.

'உக்காருக்கா, எடுக்கிறேன்.' அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது பழைய பேச்சு.

"வெளிச்சம் இல்லக்கா. இன்னொரு நாள் வா."

ஜன்னல் அணையவில்லை.

சுவரில் முடிச்சு அவிழ்ந்தது. துணி சரிந்தது. தாடை இறங்கியது.

இன்னும் இறங்கியது.

மார்பு வரை.