அடுக்கன் கரைத்த சேறு

காலை மணி அடித்ததும் புன்னைக்காயல் மிதவைக் குடியிருப்பில் எல்லாரும் நாக்கை நீட்டினார்கள். சமையலறையின் நாத்தகட்டில் நாக்கை வைத்தால், அந்த உடம்பு அன்று எவ்வளவு உப்பு தாங்கும் என்று வீடு கணித்து, ஆற்றில் அதற்கேற்ற ஆழத்துக்கு உறிஞ்சுகுழாயை இறக்கும். முகத்துவாரத்தில் ஆற்று நீர் மேலே, கடல் நீர் அடியில். பிரகாசியின் கணவர் அருளப்பனுக்கு அச்சிட்டுப் பொருத்திய சிறுநீரகம். மேலடுக்கின் நல்ல தண்ணீர் தவிர வேறெதுவும் அதற்கு ஆகாது. ஒரு குவளை உப்புநீர் உள்ளே போனாலும் அது நின்றுவிடும்.

பிரகாசிக்குச் சந்தேகம் பிறவிக் குணம். கடவுளே நேரில் வந்தாலும் அடையாள அட்டை கேட்பாள். குவளையில் லேசாகக் கலங்கல் தெரிந்த அன்றே, நீர்க்காவல் எந்திரமான அடுக்கன் மேல் அவளுக்குக் கண் விழுந்தது. மத்தியானம் படகில் பின்தொடர்ந்தாள். அடுக்கன் நீண்ட குழலை ஆற்றடிக்கு விட்டுச் சேறு கரைத்துக்கொண்டிருந்தது.

"கையும் களவுமா மாட்டுனியா! எந்த எறால் பண்ணைக்காரன்ட்ட கைநீட்டுன?"

"அம்மா, முன்பு ஆறே வண்டல் கொண்டுவந்தது. இப்போது அணைகள் பிடித்துக்கொள்கின்றன. அடியில் வண்டல் மிதந்தால்தான் உப்புநீர் கனத்துக் கீழேயே கிடக்கும். தெளிந்துவிட்டால் அலை இரண்டையும் கலக்கிவிடும்."

"சேறு போட்டா தண்ணி நல்லாருக்குமாம்! யாருட்ட கத விடுத?"

அடுக்கன் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் ஊர்க்கூட்டத்திலும் அது அதையே விளக்க, பக்கத்து வீட்டுச் சவேரி எழுந்தார். "குத்தம் செய்யாதவனுக்கு எதுக்குவே இவ்வளவு பேச்சு?" அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. சேற்றை நிறுத்தி, மிதப்பதையும் வடிகட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஊர்த் தீர்மானத்தை மீற எந்திரத்துக்கு வழியில்லை. பாவம், கீழ்ப்படிந்தது.

சில நாளில் ஆறு கண்ணாடியாகிவிட்டது. அடியில் கிடந்த சிப்பிகூடத் தெரிந்தது. ஊரே கைதட்டியது.

மறுநாள் காலை அருளப்பன் நாக்கை வைத்தார். குழாய் மேலும் கீழும் அலைந்து தேடிவிட்டு நின்றது. "உங்களுக்கான தண்ணீர் ஆற்றில் இல்லை" என்றது வீடு.

"பாத்தியளா, அந்த அடுக்கன் நம்ம வீட்டயும் கெடுத்து வச்சிருக்கான்" என்ற பிரகாசி, குழாயைக் கையால் திருகித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

அருளப்பன் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "லேசாக் கரிக்கே."

"அது மருந்து குடிச்ச வாயி. நாக்க நம்பாதிய, கண்ணால பாருங்க."

அவர் குவளையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு தூசு இல்லை. மிச்சத்தையும் மடமடவென்று குடித்து முடித்தார்.