வரம்புப் பலகை

பலகையில் நிறைமதியின் பெயருக்கு நேரே சுழியம் போட்டிருந்தது. செல்வராணி அக்கா அதைச் சாக்கட்டியால் வளைத்து முடித்தபோது ஒரு பிசிறும் இல்லை.

“சுழியத்த மட்டும் எப்படி உருட்டுதாக பாரு,” என்றார் அந்தோணி அண்ணாச்சி. “மத்த நம்பரெல்லாம் கோழி கிளறுனாப்ல கெடக்கு.”

“மத்ததெல்லாம் உசுரோட இருக்கே அண்ணாச்சி. சோறும் திங்குது, வரம்பையும் திங்குது. அதுக்கு அழகு ஒண்ணுதான் கேடு.”

மேற்குப் படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. கோவில்பட்டி ஹாக்கி மைதானத்தில் மாலை நிழல் முதலில் விழுவது அங்கேதான். வேலை முடிந்தவர்களும் வேலை இல்லாதவர்களும் அங்கே வந்து உட்கார்ந்து அணியை நடத்துவார்கள். கரிசல் அணிக்கு நிர்வாகம் என்று தனியாக ஒன்று உண்டு. ஆனால் பலகை இவர்களுடையது.

படிக்கட்டுக்குக் கீழே பம்பு அறை. முகில்ராஜ் அங்கே இருந்தான். செயற்கைப் புல் காய்ந்தால் பந்து துள்ளும், முழங்கால் உரியும். அதனால் ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அவன் படித்தது இயந்திரவியல். பார்ப்பது இந்த வேலை. மனைவி நிறைமதி இந்த அணியின் கோல்கீப்பராக இருந்தபோது பிடித்துக்கொண்ட வேலை இது. அவள் போய் ஒரு வருடம் ஆகியும் அவன் விடவில்லை. விடுவதற்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டுமே.

“தம்பி, துணி,” என்றார் செல்வராணி. பழைய ஜெர்சித் துணி ஒன்று மேலிருந்து விழுந்தது. அவன் குழாயைத் திறந்து நனைத்துப் பிழிந்து மேலே எறிந்தான். தினமும் நடப்பதுதான். பலகையை அழிக்க ஈரத்துணி வேண்டும்.

நெற்றியைச் சுற்றிக் கட்டும் ஆட்டப்பட்டை வந்து எட்டு ஆண்டுகள் இருக்கும். ஒருத்தி ஆடும்போது எந்தப் பக்கம் சாய்கிறாள், எப்போது பாய்கிறாள் என்பதையெல்லாம் அது ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொள்ளும். பிறகு வேறொருத்தி அதைக் கட்டினால், அவள் நினைப்பதற்கு ஒரு கணம் முன்பே தசை அசையும். அதற்கு ஆட்டநினைவு என்று பெயர். இப்போது தையல் கடைக்கும் பட்டை வந்துவிட்டது. செத்துப்போன டெய்லரின் கை தைத்த சட்டை என்று விலை கூட்டி விற்கிறார்கள்.

சிக்கல் விதியில் இருந்தது. பெரிய ஊர்கள் எல்லோரையும் வாரிக்கொண்டு போகாமலிருக்க ஓர் அணிக்கு நூறு புள்ளிதான் சம்பள வரம்பு. உயிரோடு இருப்பவளின் புள்ளி, அவள் அடிபட்டுக் கிடந்தாலும், ஒப்பந்தம் முடியும்வரை கணக்கில் நிற்கும். இறந்தவளின் ஆட்டநினைவுக்குப் புள்ளி இல்லை. துக்க வீட்டில் யாரும் பேரம் பேசக் கூடாது என்று யாரோ இரக்கப்பட்டு எழுதிய விதி அது. குடும்பத்துக்கு வாழ்நாள் உதவித்தொகை வந்துவிடும், அணிக்கு வரம்பில் ஒரு புள்ளியும் குறையாது. அப்படி வருகிறவர்களுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் சுழியர். இரண்டே ஆண்டுகளில், அணிகள் முறைவைத்து ஆட்டக்காரிகளை எடுக்கும் டிராஃப்ட் நாளன்று எல்லா அணியும் முதலில் கேட்கும் கேள்வி, இந்த வருடம் யார் யார் போனார்கள் என்பதாகிவிட்டது.

நிறைமதி காய்ச்சலில் போனாள். காரியம் முடிவதற்குள் மேலாளர் தாளோடு வந்தார். முகில்ராஜ் கையெழுத்துப் போட்டான். அன்று எதை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பான்.

அவள் பட்டையை இப்போது தங்கமாரி என்ற பெண் கட்டிக்கொண்டு கோலில் நிற்கிறாள். ஆட்டம் தொடங்குமுன் மட்டையால் இடது கம்பத்தை இரண்டு தட்டு தட்டுகிறாள். அது நிறைமதியின் தட்டு. பம்பு அறையிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

“இந்தத் தடவ முதல் சுத்துல அந்த ராஞ்சிப் பொண்ண எடுக்கணும்,” என்று ஆரம்பித்தார் அந்தோணி.

“எந்தப் பொண்ணு, இருக்கவளா, போனவளா?”

“இருக்கவதான். பத்தொம்பது வயசு. என்னா வேகம் தெரியுமா!”

“இருவது புள்ளி கேப்பா. எடம் எங்க இருக்கு? பவித்ரா ஒருத்தியே முப்பதத் தூக்கிட்டு நிக்கா.”

“பவித்ரா அடிக்க கோலுக்கு அம்பது குடுக்கலாம் அக்கா.”

அதை யாரும் மறுக்கவில்லை. பெனால்டி கார்னரில் பவித்ரா பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டினால் வலை கிழியும் என்பது தென்மண்டலம் முழுக்கத் தெரிந்த விஷயம். நிறைமதிக்கு அவள்தான் அறைத்தோழி. முகில்ராஜோடு நடந்த கல்யாணத்தில் பந்தல் வேலையைக் கூட நின்று பார்த்தவள்.

அப்போதுதான் அந்தோணியின் கைபேசி அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே எழுந்து நின்றார்.

“பயிற்சியில பந்து நெத்திப் பொட்டுல பட்டுருச்சாம். பவித்ராவுக்கு. நினைவு இல்லையாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக.”

“ஐயோ, ராசாத்தி!” என்று செல்வராணி நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கியது. அது பொய்யில்லை. பலகையைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் பொய்யில்லை.

“அவ பொழச்சுட்டான்னா?” என்றார் யாரோ.

“பொழச்சாலும் இனி ஆட முடியாதுன்னு பேசிக்கிடுதாக. அப்ப அந்த முப்பது அப்படியே நிக்கும். ராஞ்சிப் பொண்ண எடுக்கணும்னா இருவது புள்ளி வாங்குத நம்ம சங்கீர்த்தனாவ யார் தலையிலயாவது கட்டணும். திண்டுக்கல்காரன்தான் வாங்குவான். சும்மா வாங்குவானா? கொசுறு கேப்பான்,” என்றார் அந்தோணி.

“என்ன கொசுறு?”

எல்லோருடைய கண்ணும் அந்த அழகான சுழியத்தின்மேல் போய் நின்றது. பிறகு கீழே, பம்பு அறைப் பக்கம் வந்தது.

“பொழைக்கலன்னா?” என்றது முதலில் கேட்ட குரல்.

“வாயக் கழுவுல.”

வாயைக் கழுவச் சொன்னாலும் கணக்கு எல்லோருக்கும் வந்துவிட்டது. முப்பது புள்ளி காலியாகும். அவள் பட்டையை ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குக் கட்டினால் அந்தச் சுண்டு வேகமும் குறையாது. நிறைமதி இங்கேயே நிற்பாள்.

“தம்பி, துணி,” என்றார் செல்வராணி. முகில்ராஜ் நனைத்துக் கொடுத்துவிட்டான். கொடுத்த பிறகுதான் எதை அழிக்கக் கேட்டார் என்று யோசித்தான். மேலே அவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். கரிசல் அணியின் கறுப்பு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பலர் தரையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவர்த்தி, சூடம், இரண்டும் எரிந்தன. உதடுகள் அசைந்தன. என்ன வேண்டுகிறார்கள் என்று கேட்க முகில்ராஜுக்குத் துணிச்சல் வரவில்லை. அவனிடம் யாராவது அதையே கேட்டுவிடுவார்களோ என்று வேகமாக உள்ளே நடந்தான்.

வராந்தாவில் பவித்ராவின் கணவன் அருள்தாஸ் நின்றான். தீப்பெட்டி ஆலையில் கண்காணிப்பாளன். மழிக்காத முகம். பக்கத்துப் பெஞ்சில் மேலாளர் வைத்துவிட்டுப் போன ஆரஞ்சுப் பழங்கள்.

“அண்ணே, ஆபரேஷன் பண்ணுனா உசுரு தங்கலாங்காங்க,” என்றான். “வலது கை, கால் வராதாம். பண்ணலன்னா நாளைக்குத் தாண்டாதாம்.”

“மேலாளர் என்ன சொன்னாரு?”

“அவரு ஒண்ணும் சொல்லல. அவளுக்கு ஆட்டந்தான உசுருன்னாரு. படுக்கையில கெடக்கிறத அவ விரும்புவாளான்னு கேட்டாரு. கேட்டுட்டுப் பழத்த வச்சாரு.” அவன் குரல் இறங்கியது. “எங்க அப்பாவும் அதத்தான் சொல்லுதாரு. உதவித்தொக வருமாம்.”

முகில்ராஜ் பழங்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“நீங்க ஒருத்தர்தான் அனுபவப்பட்டவரு. உண்மையச் சொல்லுங்க. அங்க கோல்ல நிக்கையில, அது அவங்கதானா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அருள்தாஸ் அதைப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் வேண்டாம் என்பான். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்த இரண்டு தட்டு கோவில்பட்டியிலேயே கேட்கும். முகில்ராஜின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. பவித்ராவின் முகம் நினைவுக்கு வரவில்லை. முப்பது என்ற எண்தான் வந்தது. தனக்கு என்ன ஆகிவிட்டது என்று அப்போதுதான் பயந்தான்.

“கம்பத்தத் தட்டுறது அவதான்,” என்றான். “அதுல சந்தேகம் இல்ல. ஆனா நிறைமதி தட்டிட்டுத் திரும்பி பம்பு ரூமப் பாப்பா. ஒவ்வொரு தடவையும் பாப்பா. அது பாக்காது. பாக்குறது ஆட்டத்துல சேராதுல்ல, அதனால பட்டை அத எடுக்கல.”

அருள்தாஸ் உள்ளே போய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டான்.

பவித்ரா பிழைத்தாள். வாசலில் கைதட்டினார்கள். கைதட்டல் சீக்கிரம் ஓய்ந்தது.

அந்த வாரமே சங்கீர்த்தனா திண்டுக்கல் போனாள், நிறைமதியைக் கொசுறாகச் சேர்த்து. கையெழுத்து கேட்டு யாரும் வரவில்லை. முதல் கையெழுத்தே எல்லா ஊருக்கும் செல்லும் என்று தாளின் அடியில் எழுதியிருந்ததாம். தங்கமாரி சொந்தப் புத்தியோடு கோலில் நின்று வாரம் நான்கு கோல் விட்டாள். காலியான இடத்துக்கு வந்த ராஞ்சிப் பெண்ணின் வேகம் நம் வெயிலுக்கு ஆகவில்லை. முகில்ராஜ் சொன்ன பேச்சுதான் பவித்ராவைப் பிழைக்கவைத்தது என்று ஊருக்குள் பரவியிருந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை. டீக்கடையில் அவன் வந்ததும் பேச்சு மாறும், அவ்வளவுதான்.

பருவக் கடைசியில் திண்டுக்கல் இங்கே ஆட வந்தது. முகில்ராஜ் தண்ணீர் பீய்ச்சி முடித்துவிட்டுக் கதவோரம் நின்றான். யாரோ ஒரு நெட்டைப் பெண் கோலுக்கு நடந்தாள். இடது கம்பத்தில் இரண்டு தட்டு. திரும்பவில்லை. ஐந்து பெனால்டி கார்னரையும் தடுத்தாள். ஒவ்வொன்றையும் நிறைமதி தடுப்பது போலவே, கடைசிக் கணத்தில் இடது காலை நீட்டி.

“செத்தும் நம்ம உசுர வாங்குதாளே!” என்று படிக்கட்டிலிருந்து ஒருவன் கத்தினான்.

கரிசல் தோற்றது. கூட்டம் கலைந்தாலும் மேற்குப் படிக்கட்டு கலையவில்லை. மறுநாள் டிராஃப்ட். செல்வராணி பலகை முன் நின்றார். பவித்ரா, முப்பது. ஒப்பந்தம் இன்னும் இரண்டு பருவம் பாக்கி.

“போன வாரம் வலிப்பு வந்து மறுபடியும் ஆஸ்பத்திரியில சேத்துருக்காகளாம்,” என்றார் அந்தோணி, யாரையும் பார்க்காமல்.

“கேள்விப்பட்டேன்.” செல்வராணி கீழே குனிந்தார். குரலில் அன்பு இருந்தது. “தம்பி, உன் மனசு எனக்குத் தெரியும். எடம் மட்டும் விழட்டும், முதல் வேலையா நிறைமதியத் திருப்பி எடுத்துருவோம். திண்டுக்கல்காரன்கிட்ட பேசியாச்சு, சங்கீர்த்தனாவையும் திருப்பி வாங்கிக்கிட்டாத் தருவானாம்.” துணி கீழே வந்து விழுந்தது.

அவன் அதை எடுத்துக்கொண்டு நின்றபோது வடக்கு வாசலில் சக்கர நாற்காலி தெரிந்தது. அருள்தாஸ் தள்ளிக்கொண்டு வந்தான். பவித்ரா கறுப்பு ஜெர்சி போட்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. தலைமுடி இப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது.

படிக்கட்டு எழுந்து நின்றது. மரியாதையாக வழி விட்டார்கள். செல்வராணி இறங்கி வந்து அவள் கன்னத்தைத் தடவினார்.

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

அக்கறையாகக் கேட்ட கேள்விதான். ஆனால் பின்னால் நின்ற அத்தனை பேரும் பதிலைக் கேட்க ஓரடி முன்னால் வந்தார்கள்.

பவித்ரா பாதி வாயால் சிரித்தாள். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

“நல்லா… இருக்கேன் அக்கா. வலிப்பு… நின்னுருச்சு. ரொம்ப வருஷம்… இருப்பேன்னு… டாக்டர் சொல்லிட்டாரு.”

முன்னால் வந்தவர்கள் ஓரடி பின்னால் போனார்கள். பவித்ரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு பலகையை, தன் பெயரை, அதன் எதிரே இருந்த எண்ணை. சிரிப்பு மெல்ல இறங்கியது. கடைசியில் பம்பு அறைப் பக்கம் திரும்பி, தன்னைப் பிழைக்கவைத்தவனைத் தேடிப் பார்த்தாள்.

அவள் பார்வை தன் கையில் நிற்பதைக் கண்டு முகில்ராஜ் குனிந்து பார்த்தான். குழாய் திறந்திருந்தது. எப்போது திறந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை. பலகை அழிக்கும் துணி முழுக்க நனைந்து, அவன் கையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.